டெய்கோஸை எங்கே நிறுத்துவது? ஃபூட்டி ரசிகர்களின் தீராத வழக்கு

ஆஸ்திரேலியாவில் ஏ.எஃப்.எல். எனப்படும் ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கின் சீசன் நடக்கும் மாதங்களில், வார இறுதி ஆட்டங்களுக்கான அணிப் பட்டியல் பெரும்பாலும் வியாழக்கிழமை மாலை வெளியாகும். ஆறு வரிசை, வரிசைக்கு மூன்று பெயர், கீழே பெஞ்சில் இருப்பவர்கள். மேலே தடுப்பாளர்கள், கடைசியில் ரக் ஆட்டக்காரரும் (நடுவில் எழும்பும் பந்தைத் தட்டிவிடும் நெட்டையர்) அவரோடு சேர்ந்து ஓடும் இருவரும். ஒரு மைதானத்தின் வரைபடம் போலவே இருக்கும். அப்போது தொடங்கும் வாக்குவாதம் சனிக்கிழமை ஆட்டம் ஆரம்பிக்கும் வரை ஓயாது. இவனை ஏன் பின்னால் போட்டார்கள், அவனை ஏன் விங்கில், அதாவது ஓரத்தில், வீணடிக்கிறார்கள், ரக்குக்கு இரண்டு பேர் எதற்கு. காலிங்வுட் அணியின் நிக் டெய்கோஸை எங்கே நிறுத்துவது என்பதும் அப்படி ஒரு வழக்குதான்; அவரிடம் பிறகு வருவோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலை யாரும் நம்புவதில்லை. கோலுக்குப் பக்கத்தில், ஃபார்வர்ட் பாக்கெட்டில் என்று எழுதப்பட்டவர் ஆட்டம் தொடங்கும்போது மைதானத்தின் நட்டநடுவில் நிற்பார். பெஞ்சில் என்று போட்டவர் முதல் பந்துக்கே களத்தில் இருப்பார். எழுதிக்கொடுத்த இடத்தில்தான் ஆட வேண்டும் என்று பயிற்சியாளரை எந்த விதியும் கட்டாயப்படுத்துவதில்லை. எதிரணிக்குக் கொஞ்சம் குழப்பம் தரட்டும் என்று வேண்டுமென்றே மாற்றி எழுதுவதும் உண்டு.

அப்படியிருக்க ரசிகர்கள் எதற்காக இவ்வளவு சண்டை போடுகிறார்கள்? அதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் அடிப்படையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலில், அதாவது உள்ளூர்க்காரர்கள் ஃபூட்டி என்று சொல்லும் ஆட்டத்தில், ஆஃப்சைடு கிடையாது. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். மைதானமோ கிரிக்கெட் மைதானம். குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் உடல் தளராமல் இருக்க ஏதாவது ஆட வேண்டும் என்று டாம் வில்ஸ் என்ற மெல்பர்ன் கிரிக்கெட் வீரர் 1858ல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே விதிகள் எழுதப்பட்டன. கிரிக்கெட் திடலிலேயே வளர்ந்த ஆட்டம் என்பதால் இன்றுவரை மைதானத்துக்கு ஒரே அளவு என்று கிடையாது. நீளம் 135 மீட்டரிலிருந்து 185 மீட்டர் வரை இருக்கலாம். அவ்வளவு பெரிய இடத்தில் பக்கத்துக்கு 18 பேர். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் ஒரு புள்ளி. உதைத்து வந்த பந்தைக் கீழே விழாமல் பிடித்துவிட்டால் அது 'மார்க்'. பிடித்தவர் நின்று நிதானமாக அடுத்த உதையை உதைக்கலாம்.

எல்லாரும் எங்கும் போகலாம் என்ற ஆட்டத்தில் இடம் என்பதற்கு என்ன பொருள்? பழைய காலத்தில் பதில் எளிது. இடம் என்றால் உன் எதிராளி. அவர்களுடைய ஃபுல்-ஃபார்வர்டை, அதாவது கோலுக்கு எதிரே நின்று கோல் அடிப்பவரை, நம்முடைய கடைசித் தடுப்பாளரான ஃபுல்-பேக் கவனிப்பார். அவர்களுடைய விங்கோடு நம்முடைய விங் ஓடுவார். ஆட்டம் முழுக்க ஆறு ஜோடிகள் இந்த முனையிலும் ஆறு ஜோடிகள் அந்த முனையிலும் ஆறு ஜோடிகள் நடுவிலும் முட்டிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் பெரிய தப்பில்லை. அந்தக் காலத்திலும் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டவை அல்ல. 1950களில் மெல்பர்ன் அணியில் ரான் பராசி என்ற இளைஞர் இருந்தார். ரக் ஆடும் உயரமில்லை, ரோவர் என்று சொல்லும் அளவுக்குச் சின்ன உருவமும் இல்லை. பயிற்சியாளர் நார்ம் ஸ்மித் அவரை ரக்கோடு சேர்ந்து மைதானம் முழுக்கத் திரியும் இரண்டாவது ஆளாக ஆட வைத்தார். 'ரக் ரோவர்' என்ற இடம் பட்டியலில் நிலைத்தது அவரால்தான். 1955க்கும் 1964க்கும் நடுவில் மெல்பர்ன் ஆறு கோப்பைகளை வென்றது. ஆறிலும் பராசி ஆடினார்.

இந்த ஜோடிக் கணக்கு பின்னால் குலைந்தது. காரணம் பெஞ்ச். 1978ல்தான் களத்தில் இருப்பவரை வெளியே எடுத்து மறுபடி உள்ளே அனுப்பலாம் என்ற விதி வந்தது. முதலில் இரண்டு பேர், பிறகு மூன்று, நான்கு. களைத்தவனை நொடியில் மாற்றலாம் என்றால் எல்லாரும் எல்லா இடத்துக்கும் ஓடலாம் என்றாகிவிட்டது. 2000ஆம் ஆண்டில் எஸ்ஸெண்டன் சீசன் முழுக்கத் தோற்றது ஒரே ஒரு ஆட்டம். அந்த ஆட்டத்தில் டெரி வாலஸ் பயிற்சி தந்த வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணி தன் ஆட்களையெல்லாம் பின்னால் இழுத்து எதிரணியின் கோல் பக்கத்தை நெரிசலாக்கியது. 'ஃப்ளட்' என்ற அந்த உத்தி அதற்குப் பிறகு எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. முப்பத்தாறு பேரும் ஒரே ஐம்பது மீட்டருக்குள் மொய்த்தால் ஃபுல்-ஃபார்வர்டுக்கு என்ன வேலை? ஒரே சீசனில் நூறு கோல் அடித்த கடைசி ஆள் லான்ஸ் ஃப்ராங்க்ளின்; அது 2008ல்.

லீக் நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. ஒரு ஆட்டத்துக்கு இத்தனை முறைதான் ஆள் மாற்றலாம் என்று 2014ல் 120 என வரம்பு வைத்து, 2016ல் 90, 2021ல் 75 என்று குறைத்துக்கொண்டே வந்தது. 2019ல் 6-6-6 விதி. ஒவ்வொரு கால்பகுதியின் தொடக்கத்திலும் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவில் நடுவர் பந்தை எழுப்பும்போது, ஒவ்வோர் அணிக்கும் இந்தப் பக்கக் கோலைச் சுற்றிய ஐம்பது மீட்டர் வளைவுக்குள் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர், நடுச் சதுரத்துக்குள் நான்கு பேர், இரு ஓரங்களில் ஒவ்வொரு விங். அந்த நொடிக்கு மட்டும் பழைய வரைபடம் உயிரோடு வந்து நிற்கும். பந்து எழும்பியதும் மறுபடி கலைந்துவிடும்.

அந்த நான்கு பேர் என்பதுதான் இன்றைய சண்டைகளின் மையம். அதில் ஒருவர் ரக். பந்தைத் தட்டிவிட வேண்டிய நெட்டையர். மிச்சம் மூன்று இடம். ஒவ்வோர் அணியிலும் தங்களை மிட்ஃபீல்டர் என்று கருதுபவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். ரசிகர்கள் திங்கட்கிழமை காலையில் முதலில் தேடும் புள்ளிவிவரங்களில் ஒன்று 'சிபிஏ': நடுவில் பந்து எழுப்பப்பட்ட மொத்தத் தடவைகளில் இந்த ஆள் எத்தனை தடவை சதுரத்துக்குள் நின்றார். ஒரு இளைஞனுக்கு அந்தக் கணக்கு ஒரு வாரம் குறைந்தால் போதும், பயிற்சியாளருக்கு மூளை பிசகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இனி காலிங்வுட்டுக்கு வருவோம். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, பெரிய கூட்டம், அதைவிடப் பெரிய வாய். இந்த அணியில் கடந்த சில ஆண்டுகளாக நடக்கும் வழக்கு நிக் டெய்கோஸ் பற்றியது.

அவர் அப்பா பீட்டர் டெய்கோஸ் காலிங்வுட்டுக்காக 250 ஆட்டம் ஆடியவர். யாரும் நினைக்காத கோணத்திலிருந்து கோல் அடிப்பதில் மன்னன். 32 ஆண்டுகளாகக் கிடைக்காத கோப்பையை அணி 1990ல் வென்றபோது அந்த சீசனில் மட்டும் 97 கோல் அடித்தார். அப்பா ஆடிய அணிக்கே மகன் போகலாம் என்ற விதிப்படி 2021 டிராஃப்டில், அதாவது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், நான்காவது ஆளாக நிக் வந்தார். அப்பாவின் 35ஆம் எண் சட்டை. இளையோர் ஆட்டங்களில் அவர் நடுக்களத்து ஆள். பந்து எங்கே இருக்கிறதோ அங்கே.

ஆனால் 2022ல் புதிதாக வந்த பயிற்சியாளர் க்ரெய்க் மெக்ரே அவரை நிறுத்தியது ஹாஃப்-பேக்கில். தடுப்பு வரிசையின் முன்பகுதி. இதைத் தண்டனை என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைய ஃபூட்டியில் ஹாஃப்-பேக் என்பது பாதி தடுப்பு, பாதி தாக்குதலின் ஆரம்பம். எதிரணி கோல் முயற்சியில் ஒரு புள்ளி மட்டும் எடுத்தால் பந்து தடுப்பாளர் கைக்கு வரும். 2019க்குப் பிறகு அவர் கோல் சதுரத்திலிருந்து அப்படியே ஓடி வந்து உதைக்கலாம். 2021ல் வந்த விதிப்படி, மார்க் பிடித்தவருக்கு எதிரே நிற்பவர் அசையக்கூடாது. இரண்டும் சேர்ந்து பின்னால் நிற்கும் நல்ல உதைக்காரனுக்குக் கதவைத் திறந்துவிட்டன. ஆட்டம் முழுவதும் அவன் கண் முன்னே விரியும், முதுகுக்குப் பின்னால் யாரும் வந்து இடிக்க மாட்டார்கள். பத்தொன்பது வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான ரைசிங் ஸ்டார் விருது நிக்குக்கு.

அடுத்த ஆண்டு அவரை நடுக்களத்துக்கு நகர்த்த ஆரம்பித்தார்கள். அங்கே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சியின் வாதம்: நம்மிடம் இருக்கும் சிறந்த ஆள் பந்துக்கு மிக அருகே இருக்க வேண்டும், நடுவில் பந்தை வென்றால் நாலே நொடியில் அது நம் கோல் பக்கம் இருக்கும். இன்னொரு கட்சி: அவனுடைய சொத்து கால். நெரிசலுக்குள் பத்துப் பேர் நடுவே பந்தைப் பிடுங்க மாட்டுத்தனமான ஆட்கள் வேறு இருக்கிறார்கள். அவன் பின்னால் நின்று உதைக்கட்டும்.

இரண்டாம் கட்சிக்கு 2023 ஆகஸ்டில் ஒரு ஆயுதம் கிடைத்தது. ஹாதார்ன் அணி ஃபின் மெகின்னஸ் என்ற ஆளுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தது: டெய்கோஸ் எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டு போ. வழக்கமாக முப்பது முறைக்கு மேல் பந்தைத் தொடுபவர் அன்று ஐந்து முறைதான் தொட்டார். காலிங்வுட் தோற்றது. அதே ஆட்டத்தில் அவருக்கு முழங்காலில் அடிபட்டது, இறுதி ஆட்டத்துக்கு முந்தைய 'பிரிலிமினரி ஃபைனல்' ஆட்டத்துக்குத்தான் திரும்பி வந்தார் என்பதை ஆயுதம் தூக்கியவர்கள் சொல்ல மறந்துவிடுவார்கள். இருந்தாலும் வாதம் முழுக்க வெற்று இல்லை. நடுக்களத்து ஆளை ஒட்டிக்கொண்டு ஓட எதிரணி ஒரு நடுக்களத்து ஆளை அனுப்பலாம், பெரிய நட்டமில்லை. ஹாஃப்-பேக்கில் இருப்பவரை அப்படி ஒட்ட வேண்டுமென்றால் தங்கள் ஃபார்வர்ட் ஒருவரையே கோல் அடிக்கும் வேலையிலிருந்து எடுத்துக் காவலுக்குப் போட வேண்டும். அது விலை அதிகம்.

முதல் கட்சிக்கும் ஆயுதம் இல்லாமல் இல்லை. நடுக்களத்துக்குப் போன பிறகு, சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான ப்ரௌன்லோ பதக்க வாக்கெடுப்பில் நிக் 2023ல் மூன்றாவது, 2024ல் இரண்டாவது. நடுவர்கள் தரும் பதக்கம் அது. அவர்கள் கண்ணில் படுவது பெரும்பாலும் நடுக்களத்து ஆட்கள்தான் என்பது வேறு விஷயம்.

என் பார்வையில் இரண்டு கட்சியும் தவறான ஆளைப் பற்றிப் பேசுகின்றன. ஃபூட்டியில் ஒருவரை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்குள் எப்போதும் இன்னொருவர் ஒளிந்திருக்கிறார்: அவர் விட்டுப்போகும் இடத்தை நிரப்பப் போகிறவர். நிக் நடுவுக்குப் போனால் பின்னாலிருந்து உதைப்பது யார்? காலிங்வுட் என்ன செய்தது பாருங்கள். 2023ல் விங்கில் ஆடி, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட கௌரவ அணியான ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம்பிடித்த அண்ணன் ஜாஷ் டெய்கோஸ், பிறகு ஹாஃப்-பேக்குக்கு இறங்கினார். அதுவும் போதாதென்று 2024 சீசன் முடிந்ததும் போர்ட் அடிலெய்டிலிருந்து டான் ஹியூஸ்டனை வாங்கினார்கள். நாட்டிலேயே மிக நன்றாக உதைக்கும் ஹாஃப்-பேக்குகளில் ஒருவர். தம்பி ஒரு படி முன்னால் நகர்ந்ததற்கு அண்ணன் ஒரு படி பின்னால் நகர, வெளியிலிருந்து ஒரு ஆளும் வர வேண்டியதாயிற்று. நிக்கை மறுபடி பின்னால் அனுப்பு என்ற கோரிக்கை முன்புபோல வலுவாக எழ முடியாததற்குக் காரணம் அங்கே இப்போது இடம் நிரம்பிவிட்டது என்பதுதான்.

2023ல் இதே அணியின் கேப்டனான டார்சி மூர் கதையும் அப்படித்தான். அவர் அப்பா பீட்டர் மூர் இரண்டு ப்ரௌன்லோ வென்ற ரக் ஆட்டக்காரர். மகன் வந்தது நெட்டை ஃபார்வர்டாக. அடுத்த பத்து ஆண்டுக்கு இவன்தான் கோல் அடிப்பான் என்று கூட்டம் கனவு கண்டது. தசைப்பிடிப்புக் காயங்கள், சீரில்லாத ஆட்டம். பின்னால் அனுப்பிப் பார்த்தார்கள். உயரே வரும் பந்தைக் குறுக்கே பாய்ந்து பிடிக்கும் தடுப்பாளராக 2020ல் ஆல்-ஆஸ்திரேலியன் ஆனார். அதே காலத்தில் ப்ரோடி மைசெக் என்பவரைத் தடுப்பாளர் என்றுதான் விக்டோரியாவின் இரண்டாம் நிலைப் போட்டியிலிருந்து எடுத்தார்கள். அவர் முன்னால் போய் ஆண்டுக்கணக்கில் அணியின் முதன்மை ஃபார்வர்டாக நின்றார். ஃபார்வர்டு பின்னால், தடுப்பாளன் முன்னால். ஆனாலும் ஒவ்வொரு முறை கோல் பக்கம் வறண்டுபோகும்போதும் மூரை முன்னால் அனுப்புங்கள் என்ற குரல் எழும். அனுப்பினால் பின்னால் யார் நிற்பது என்பதைக் குரல் கொடுத்தவர் சொல்லமாட்டார்.

நெட்டையர்கள் விஷயத்தில் இந்தச் சண்டை ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்றால், அவர்கள் அரிது. நூற்றைம்பது மீட்டர் மைதானத்தில் ஓடித் திரியவும் வேண்டும், 195 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கவும் வேண்டும். அப்படிப்பட்டவர் ஒரு முனையில் சரிப்படவில்லை என்றால் தூக்கி எறிய மனம் வராது, மறுமுனையில் போட்டுப் பார்ப்பார்கள். மெல்பர்னின் டாம் மெக்டொனால்ட் தடுப்பாளராகத் தொடங்கி, ஃபார்வர்டாகி 2018ல் 53 கோல் அடித்து, பிறகு மறுபடி தடுப்புக்கே வந்தார். ரிச்மண்டின் மேத்யூ ரிச்சர்ட்சன் இதிலேயே வினோதமானவர். பதினைந்து ஆண்டு ஃபுல்-ஃபார்வர்டாக ஆடி, கடைசியில் 800 கோலோடு ஓய்வு பெற்றவர். 2008ல், முப்பத்து மூன்று வயதில், அவரை விங்கில் ஓடவிட்டார்கள். நெட்டையான கிழட்டுக் குதிரையை ஓட்டப்பந்தயத்தில் விட்டதுபோல இருந்தது. அந்த ஆண்டு ப்ரௌன்லோ பதக்கத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டார். வென்றவரைவிட இரண்டு வாக்குதான் குறைவு.

எல்லாம் இப்படிச் சரியாக முடிவதில்லை. காலிங்வுட்டில் இரண்டு முறை ஆல்-ஆஸ்திரேலியன் ஆன ரக் ஆட்டக்காரர் ப்ரோடி க்ரண்டியை 2022 முடிவில் மெல்பர்ன் வாங்கியது. அங்கே ஏற்கெனவே மேக்ஸ் கான், காலத்தின் சிறந்த ரக் என்று பெயரெடுத்தவர், கேப்டனும் அவரே. இருவரும் மாறிமாறி ஒருவர் நடுவில், ஒருவர் கோல் பக்கம் என்பது திட்டம். தாளில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் எழும்பும் பந்து ஒன்றுதான். இன்னொருவர் கோல் பக்கம் நின்று மார்க் பிடித்துக் கோல் அடிக்க வேண்டும். அந்த வேலை க்ரண்டிக்கு வரவில்லை. இரண்டாம் அணிக்கு அனுப்பி அங்கே ஃபார்வர்டாகப் பழக்கிப் பார்த்தார்கள். ஒரே ஆண்டில் சிட்னிக்குப் போய்விட்டார். அங்கே ரக் வேலை முழுக்க அவருக்கே. 2024ல் சிட்னி இறுதி ஆட்டம் வரை வந்தது. எந்த அணியின் ரசிகரிடம் ரெண்டு ரக் வேண்டுமா என்று கேட்டாலும் இன்று முதலில் க்ரண்டி பெயர்தான் வரும்.

ரசிகர்கள் கோபப்பட்டாலும் பயிற்சியாளர் ஏன் வேறு கணக்கில் இருப்பார் என்பதற்கு ஒரு காட்சி. 2023 இறுதி ஆட்டம், எம்.சி.ஜி. எனப்படும் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம், காலிங்வுட்டும் ப்ரிஸ்பேனும். காயத்தால் டான் மெக்ஸ்டே என்ற ஃபார்வர்ட் வெளியே. அவர் இடத்துக்கு மெக்ரே எடுத்தது பில்லி ஃப்ராம்ப்டனை. அந்த சீசனில் தடுப்பில் ஆடிவந்தவர். பட்டியலில் ஃபார்வர்ட். வேலை கோல் அடிப்பது அல்ல. ப்ரிஸ்பேனின் தடுப்புத் தூண் ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் ஓடிவந்து பந்தைக் குறுக்கே பிடித்துவிடாமல் அவர் மேலேயே இடித்துக்கொண்டு நிற்பது. தடுப்பாளனைத் தடுக்க ஒரு தடுப்பாளன், ஃபார்வர்ட் என்ற பெயரில். ஆட்டம் முடிந்தபோது ஃப்ராம்ப்டன் பெயருக்கு எதிரே சொல்லிக்கொள்ளும்படி எண்கள் இல்லை. காலிங்வுட் 90, ப்ரிஸ்பேன் 86. பதினாறாவது கோப்பை.

இவ்வளவுக்கும் மேலே, ரசிகர்களின் அக்கறையில் கொஞ்சம் சுயநலமும் கலந்திருக்கிறது. நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் ஃபேன்டஸி ஆட்டங்கள் அங்கேயும் பெரிய வியாபாரம். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தடுப்பு, நடுக்களம், ரக், ஃபார்வர்ட் என்று ஒரு முத்திரை. புள்ளிவிவர நிறுவனமான சாம்பியன் டேட்டா குத்துவது. நடுக்களத்தில் ஆடுபவர்கள் பந்தை அதிகம் தொடுவதால் புள்ளிகளை அள்ளுவார்கள். தடுப்பாளர் என்ற முத்திரையோடு நடுக்களத்தில் ஆடும் ஒருவர் கிடைத்தால் அது புதையல். சீசன் நடுவே இரட்டை முத்திரை வழங்கும் நாட்களும் உண்டு. அன்று யாருக்குக் கிடைத்தது, யாருக்கு விட்டுப்போனது என்பதில் வரும் கொதிப்பு சில சமயம் ஆட்டத்தின் தோல்விக்கு வரும் கொதிப்பைவிடப் பெரிது. அதனால் இன்னார் நடுக்களத்துக்கு வந்தால்தான் அணி உருப்படும் என்று ஒருவர் பக்கம் பக்கமாக வாதாடினால், அந்த ஆள் அவருடைய ஃபேன்டஸி அணியில் எந்த முத்திரையோடு இருக்கிறார் என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.